ஒரிஜினல் இருமல்

அந்தத் தம்பிக்கு எல்லாமே ஒரிஜினலாக இருக்க வேண்டும். பேச்சு, அழுக்கு, வியர்வை, பசி, கோபம் எதுவானாலும் சரி, டூப்ளிகேட் என்றால் அவனுக்கு ஆகாது. "ஒரிஜினலா இருக்கணும்க்கா" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறான் என்று எண்ணிப் பார்க்க உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே நான் கைவிட்டிருக்கிறேன். அவன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. வீட்டில் வைத்தது ஒன்று, பாட்டுக்காக அவனே வைத்துக்கொண்டது ஒன்று என இரண்டு இருந்தன. ராப் பாடுகிறவர்களுக்கு அது வழக்கமாம். எல்லாம் ஒரிஜினலாக வேண்டும் என்கிறவன் பெயரை மட்டும் ஏனப்பா மாற்றினாய் என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் கழித்துத் தோன்றுகிறது, என்ன செய்ய.

நான் அப்போது விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மை யூனிட்டில் ஃபினிஷிங் பிரிவில் இருந்தேன். அச்சிலிருந்து எடுத்த பிள்ளையாருக்கும் நாய்க்குட்டிக்கும் ஓரத்தில் ஒரு கோடு துருத்திக்கொண்டிருக்கும். அதை பிளேடால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, மூக்கும் முழியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது என் வேலை. என் வீட்டுக்காரர் அதே யூனிட்டில் கலவை ஆள். வெள்ளைக்கல் பொடி மூட்டைகளைப் பிரித்து, அரைக்கிற உருளையில் கொட்டி, களிமண்ணோடு எது எவ்வளவு சேர வேண்டும் என்று கைப்பதத்திலேயே சொல்லிவிடுவார். ஒரு தடவை அவர் லீவு போட்டபோது வேறு ஆள் கலந்த மண்ணில் செய்த நாய்க்குட்டிகள் சூளைக்குள் வெடித்து, காதில்லாமல் வெளியே வந்தன. அன்றிலிருந்து மேஸ்திரி அவரைப் புது மாப்பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார்.

தம்பி முதன்முதலில் எங்கள் ஷெட்டுக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கறுப்பு டீ சட்டை, முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ், கழுத்தில் தடிமனான ஒரு செயின். அப்பாவுக்கு ஜங்ஷன் ரோட்டில் பெரிய ஹார்டுவேர் கடை. சென்னையில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஊருக்கு வந்திருந்தான். சமூக அக்கறையோடு ஒரு ஹிப் ஹாப் ஆல்பம் செய்யப்போவதாகவும், அதில் எட்டுப் பாட்டு, எட்டுப் பிரச்சினை என்றும், எங்கள் பாட்டுத்தான் கடைசி என்றும் சொன்னான். நாற்காலி கொண்டுவந்து போட்டோம். "வேணாம்க்கா, உங்களோட தரையிலயே உக்காந்துக்கறேன்" என்று போய் உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்தில் காலையில் கொட்டிய களிமண் கூழ் இருந்தது. நாங்கள் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டான். எழுந்து பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, முகம் மலர, "சூப்பர்க்கா, ஒரிஜினல்" என்றான்.

அது போதாதென்று ஒரு கைப்பிடி கல்பொடியை எடுத்துச் சட்டையில் பூசிக்கொள்ளத் தொடங்கினான். என் வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"தம்பி, தம்பி, அது மூக்குல போவும். தள்ளி நில்லுங்க. நல்லதில்ல அது."

"அப்ப நீங்க?"

"எங்களுக்குப் பழகிடுச்சு."

அந்த இடத்திலேயே போனை எடுத்து அதைக் குறித்துக்கொண்டான். பிறகு அது பாட்டில் வந்தது. 'பழகிடுச்சு பழகிடுச்சு' என்று நாலு தடவை.

நாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்பதில் அவனுக்கு ஒரு வருத்தம். வீடியோ எடுக்க வந்த அன்று எங்களில் ஒருத்தி மச்சினன் கல்யாணத்து பிரியாணியைக் கொண்டுவந்திருந்தாள். நானும் ஒரு கரண்டி வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவன் முகம் வாடிப்போய்விட்டது. "நாளைக்கு கூழு கொண்டாரீங்களாக்கா?" என்றான். எங்கள் வீட்டில் கூழ் காய்ச்சி ரொம்ப நாளாகிவிட்டது. கேழ்வரகு மாவுக்குப் பக்கத்து வீட்டில் போய் நின்றேன். "என்னாத்துக்கு, சாமிக்கா?" என்று கேட்டார்கள். "இல்ல, வீடியோவுக்கு" என்றேன். அடுத்த நாள் எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பழக்கமில்லாத கூழை முகத்தைச் சுளிக்காமல் குடித்தோம். வீடியோவில் அது வறுமையாகத் தெரிந்தது.

என்னிடம் பேட்டி எடுத்தபோது இன்னொரு கூத்து. மைக்கைப் பார்த்ததும் நான் செய்தி வாசிக்கிறவளாக மாறிவிட்டேன். "எங்கள் வீட்டில் நான்கு பேர்" என்று தொடங்கினேன். "அக்கா, வூடுன்னு சொல்லுங்க" என்றான். தினமும் வூடு என்று சொல்கிறவளுக்கு அன்றைக்கு என்று வாயில் வரவில்லை. அவன் சொல்லிக்கொடுத்து, நான் திருப்பிச் சொல்லி, எங்கள் ஊர்ப் பேச்சை அவனிடமே படித்துத் தேறினேன்.

சும்மா சொல்லக்கூடாது, உழைப்புக்கு அஞ்சாதவன். கரும்புப் பாட்டுக்காகப் பெண்ணாடம் போய், கரும்பு ஏற்றிய டிராக்டரின் மேலே உட்கார்ந்து வந்து, கை முழுக்கக் கரும்புச் சோகை கிழித்த கோடுகளோடு ஒரு வாரம் அரைக்கைச் சட்டையாகவே போட்டுக்கொண்டு திரிந்தான். சேத்தியாத்தோப்பு சந்தையில் காய் விற்கிற ஒரு அம்மாள் முன்னால் போனை நீட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றிருக்கிறான். அந்த அம்மாள், "வாங்குறதுன்னா வாங்கு, இல்லன்னா வழிய வுடு, யாவாரம் கெடுது" என்று கத்தியிருக்கிறாள். அதை அப்படியே ஒரு பாட்டுக்கு ஆரம்பமாக வைத்தான். என்னைக் கேட்டால் மொத்த ஆல்பத்திலும் உருப்படியான இடம் அதுதான். ஆனால் எங்கள் பாட்டைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். 'மண்ணத் தின்னோம், மண்ண வேகவச்சோம், எங்க மூச்சுல சூளை, உங்க ஷோகேசுல பொம்மை' என்று அவன் அடித்தொண்டையில் பாடிக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் மூச்சில் அவன் எப்போது சேர்ந்துகொண்டான் என்ற கேள்வியெல்லாம் அப்புறம்தான் வந்தது.

அந்தப் பாட்டுக்குத் தாளமாக அவனுக்கு ஓர் இருமல் தேவைப்பட்டது.

எங்கள் யூனிட்டில் இருமலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஷெட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினால், யார் என்று இந்தப் பக்கம் இருந்தே சொல்லிவிடுவோம். தலை நிமிர மாட்டோம். "மேஸ்திரி வந்துட்டாரு" என்போம், வந்துவிடுவார். என் வீட்டுக்காரருடையது குட்டையாக மூன்று, நீளமாக ஒன்று, கடைசியில் 'ம்ஹூம்' என்று ஒரு முடிப்பு. முதலாளிக்கு மட்டும் இதெல்லாம் தெரியாது. நெஞ்சுக் கோளாறு உள்ளவர்களை வைத்துக்கொண்டால் நாளைக்கு வம்பு வரும் என்று ஏற்கெனவே இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியவர் அவர். அதனால் அவர் கார் சத்தம் கேட்டதும் மேஸ்திரி உருளையை ஓடவிடுவார். அந்தக் கடகடப்பில் யார் இருமினாலும் கேட்காது. உருளையை ஓட்ட வழியில்லாத நாளில் என் வீட்டுக்காரர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு பேக்கிங் ஷெட்டுக்குப் பின்னால் போய்விடுவார். பதினாறு வருஷமாக அவர் வேலையைக் காப்பாற்றிக்கொண்டு வந்தது இப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை, யூனிட் லீவு. ஆறிக்கிடந்த சூளைக்குள் பதிவு செய்தார்கள். வீட்டு மாடியில் முட்டை அட்டை ஒட்டிய ரெக்கார்டிங் அறை அவனுக்கு இருந்தது, ஆனால் அங்கே எதிரொலி ஒரிஜினலாக இல்லையாம். மைக்கைப் பிடித்துக்கொண்டு வந்தவர் அவனுடைய நண்பர், மொபைல் கடை வைத்திருந்த பாய். அவர்தான் பாட்டுக்கெல்லாம் இசை கோப்பவர்.

"டேய், நெட்டுல இருமலு சும்மாவே கெடைக்குது. நூறு தினுசு இருக்குது" என்றார் பாய்.

"அது யாரோ வெள்ளக்காரன் இருமுனது. எனக்கு இந்த மண்ணோட இருமல் வேணும்."

என் வீட்டுக்காரரைச் சூளைக்குள் உட்கார வைத்தார்கள். வாரம் பூராவும் அடக்கியே பழகியவருக்கு இருமச் சொன்னால் வருமா? தொண்டையைச் செருமினார். தம்பி உதட்டைப் பிதுக்கினான். "இரு தம்பி, ஒரு மூட்டைய உதறுனா வந்துரும்" என்று அவரே எழுந்து போய்க் காலி மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து முகத்துக்கு நேராக உதறினார். வந்தது. வந்தது நிற்கவில்லை. தம்பி கண்ணை மூடித் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும், "அண்ணே, தெய்வமே, இன்னொரு டேக்" என்றான். நாலு டேக் எடுத்தார்கள். மூன்றாவதில் நான், "போதும்ப்பா, அவரு கண்ணுல தண்ணி வருது பாரு" என்றேன். "அதாங்க்கா வேணும்" என்றான். பாய்தான் மைக்கை நிறுத்திவிட்டு ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் ஒன்று மட்டும் கேட்டேன். "தம்பி, இது இவருதுன்னு முதலாளிக்குத் தெரியக்கூடாது. வேல போயிடும்."

"பேரு வராது, மூஞ்சி வராது. சத்தியமாக்கா" என்றான். சொன்னபடியே வீடியோவில் அவர் முகத்தை மங்கலாக்கினான், சட்டை நிறத்தைக்கூட மாற்றினான். இருமலை மட்டும் அப்படியே வைத்தான். எனக்கும் அன்றைக்கு உறைக்கவில்லை. அவனைச் சொல்லி என்ன, என் புத்தியையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆல்பத்தை வெளியிட்டது யார் தெரியுமா? எங்கள் முதலாளி. தொழிலாளர் படும் பாட்டைச் சொல்கிற பாட்டை முதலாளி வெளியிடுகிறாரா என்று நான் வாயைப் பிளந்தேன். "எதிரி கையாலயே வெளியிட வெக்கிறேன்க்கா. இதுவே ஒரு ஸ்டேட்மென்ட்" என்றான். அவன் அப்பாவுக்கும் முதலாளிக்கும் நீண்ட நாள் வியாபாரப் பழக்கம். வெளியீட்டுக்குக் கல்யாண மண்டபமும் முதலாளி பிடித்துக் கொடுத்ததுதான். அது எந்த ஸ்டேட்மென்டில் சேரும் என்று நான் கேட்கவில்லை. முதலாளி ஏதோ பொம்மையைப் பற்றிய பாட்டு என்று நினைத்துக்கொண்டு பட்டு வேட்டியில் வந்திருந்தார். யூனிட் ஆட்கள் எல்லோரும் வர வேண்டும் என்று உத்தரவு. சாயங்காலம் வேலை முடிந்து, தலையைத் துவட்டிக்கொண்டு, ஐந்தாவது வரிசையில் நானும் என் வீட்டுக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

பாட்டைப் போட்டார்கள். ஆளுயர ஸ்பீக்கரில் முதலில் இருமல் வந்தது. குட்டையாக மூன்று, நீளமாக ஒன்று, 'ம்ஹூம்'.

அத்தனை தலைகளும் ஒரே சமயத்தில் எங்கள் பக்கம் திரும்பின. பழக்கதோஷம். இருமல் கேட்டால் ஆளைப் பார்ப்பது. மேடையில் இருந்த மேஸ்திரியும் திரும்பினார். முதலாளி ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. திரும்பிய தலைகளைப் பார்த்தார், பிறகு தலைகள் பார்த்த இடத்தைப் பார்த்தார். பாட்டு முழுக்க அந்த இருமல் திரும்பத் திரும்ப வந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒரிஜினலை வெளியே விடாமல் உட்கார்ந்திருந்தார்.

முதலாளி மைக்கைப் பிடித்தார். "தம்பி நல்லாப் பாடுனாப்புல. நம்ம ஊருக்குப் பெருமை. ஆனா ஒண்ணு சொல்லிக்கிறேன். நம்ம யூனிட்டுல அந்த மாதிரி நோய் யாருக்கும் கெடையாது. இருக்குதுன்னா, நாளைக்கே அவங்களுக்கு ஓய்வு குடுத்துருவேன்." கை தட்டினார்கள். தம்பியும் தட்டினான்.

மறுநாளே ஓய்வு கொடுத்தார். "உடம்பப் பாத்துக்கப்பா" என்று தோளில் தட்டி அனுப்பிவைத்தார். மற்ற யூனிட்டுகளில் கேட்டுப் பார்த்தோம். எல்லோரும் பாட்டைக் கேட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்குக் கலவையைத் தவிர வேறு வேலை தெரியாது. மகள் அப்போது பிளஸ் டூ. அதற்கு மேல் படிக்க வேண்டும் என்றால் இவர் வேலையில் இருந்தாக வேண்டும்.

தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா காபியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்குக் கண் சிவந்துவிட்டது. நிஜமான வருத்தம்தான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

"தம்பி, நீ ஒண்ணும் பெருசா செய்ய வேணாம். முதலாளிகிட்ட போயி, அந்த இருமலு நானே வாயால இருமுனதுன்னு ஒரு வார்த்த சொல்லிடு. அவருக்கும் கலவைக்கு ஆளு வேணும், ஒத்துக்குவாரு."

"பொய் சொல்லச் சொல்றீங்களாக்கா?"

"ஆமாம்ப்பா. பொய்தான்."

"ஆல்பம் அட்டையிலயே போட்டுட்டேன்க்கா, எல்லாச் சத்தமும் ஒரிஜினல்னு."

"ஏம்ப்பா, அப்ப நாங்க குடிச்ச கூழு?"

"அது விஷுவல்க்கா. இது சவுண்டு. சவுண்டுல நான் காம்ப்ரமைஸ் பண்ண மாட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வேணும்னா ஒரு போராட்டம் பண்றேன். முதலாளி வூட்டு முன்னாடி, பாட்டாவே."

"வேணாம்ப்பா சாமி, ஆள வுடு" என்று எழுந்தேன். "சின்ன வயசுலேர்ந்தே இப்பிடித்தாம்மா, பொய்யே வராது அவனுக்கு" என்று அவன் அம்மா வாசல்வரை வந்து பெருமையாகச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு பாதித் தெரு நடந்தேன்.

மறுநாள் நேராக முதலாளி அறைக்குப் போய், "ஐயா, பாட்டுல இருமுனது நான்தாங்க" என்றேன்.

"நீயா? ஆம்பள இருமலு மாதிரி இருந்துதே."

"அன்னிக்குத் தொண்ட கட்டியிருந்துதுங்க."

"அப்ப எதுக்கும்மா எல்லாரும் உன் வூட்டுக்காரரத் திரும்பிப் பாத்தாங்க?"

"நான் அவரு பக்கத்துலதானேங்க உக்காந்திருந்தேன்."

முதலாளி மேஜைமேல் காதில்லாத நாய்க்குட்டி ஒன்று இருந்தது; மூன்று நாளாகப் புது ஆள் கலந்த மண். அவருக்குத் தெரியாதா? தெரியும். மேடையில் சொன்னபடி ஒருவரை அனுப்பியாக வேண்டும். கலவை ஆள் கிடைப்பது கஷ்டம், பொம்மையைச் சுரண்ட எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். "சரிம்மா, அப்ப நீ ஓய்வெடுத்துக்க. அவர வரச் சொல்லு" என்றார். ஒரு பிள்ளையார் பொம்மையைக் கையில் கொடுத்து அனுப்பினார். நான் சுரண்டிய பிள்ளையார்தான், தும்பிக்கை ஓரத்தில் கோடு சரியாகப் போகவில்லை.

இருவரில் ஒருவருக்காவது வேலை தங்கியது. அவர் மறுபடியும் அந்தப் பொடிக்குள்ளேயே போகிறார் என்று தெரிந்தே அனுப்பிவைத்தேன். ஊரும் நல்ல ஊர். யாருடைய இருமல் என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் மூச்சு விடவில்லை. மேஸ்திரியே வழியில் என்னைப் பார்த்தால், "இருமலு இப்ப எப்பிடிம்மா இருக்குது?" என்று சத்தமாக விசாரிப்பார். நானும் என் பங்குக்கு, முதலாளி கார் வரும்போது ரேஷன் கடை வரிசையில் நின்று இரண்டு இருமு இருமுவேன். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

பாய்தான் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அக்கா, நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்குறான்" என்றார். பாட்டுக்குக் கீழே தம்பி எழுதியிருந்தான்: 'முக்கியத் திருத்தம். இந்தப் பாடலில் வரும் இருமல் ஒரு பெண் தொழிலாளியுடையது என்று ஊரில் தவறான செய்தி பரவுகிறது. அது அந்தச் சகோதரியின் கணவருடையது. அவரது நலன் கருதிப் பெயரை வெளியிடவில்லை.' கீழே கை கூப்பிய பொம்மைப் படம் மூன்று.

போன் போட்டேன். "அக்கா, உங்க தியாகத்த நான் மதிக்கிறேன். ஆனா அண்ணன் பட்ட வலிய இன்னொருத்தர் பேருல போடுறது அநியாயம் இல்லியா?" என்றான். அவன் குரலில் துளி கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வைத்தேன்.

முதலாளிக்கும் வேறு வழியில்லாமல் போய்விட்டது. "எழுத்துலயே போட்டுட்டான், இனிமே நான் எப்பிடிப்பா வெச்சிக்கறது?" என்றாராம். என் வீட்டுக்காரர் டிபன் பாக்சைத் திறக்காமலேயே மதியம் வீட்டுக்கு வந்துவிட்டார். அவருக்குப் படிக்க வராது. "என்னாதான் எழுதியிருக்குது, படி" என்றார். படித்துக் காட்டினேன். 'நலன் கருதி' என்ற இடம் வந்ததும், "இரு, அத இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன்.

"பாரேன், நம்ம நலனுக்குன்னு பேர மட்டும் வுட்டுட்டான். நல்ல பையன்தான்" என்று சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு மூன்று குட்டை இருமலாகி, நீளமான ஒன்றாகி, நிற்காமல் போனது. நான் பழக்கத்தில் எழுந்து கதவைச் சாத்தப் போனேன். "தொறந்தே இருக்கட்டும், வுடு" என்று கை காட்டிவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி இருமினார்.